கடிக்காத ஷூ

என் கணவர் பிரான்சிஸ் ஷூவைக் கவிழ்த்துப் பிடித்து உதறினார். வராண்டா டைல்ஸில் கடுகைவிடக் கொஞ்சம் பெரிய உருண்டைகள் சிதறி ஓடின. சில வெள்ளை, பல சிவப்பு. கூடவே கிழிந்த ஒரு சின்னக் காகிதப் பை ரத்தத்தில் ஊறிப்போய் சொத்தென்று விழுந்தது.

அது என்னவென்று பார்த்தவுடனே தெரிந்துவிட்டது. நான் கடலூர் மஞ்சக்குப்பத்தில் மருந்துக்கடை வைத்திருக்கிறேன். மாத்திரை டப்பாவுக்குள் ஈரம் உறிஞ்சுவதற்காக ஒரு பொட்டலம் போட்டு, சாப்பிடக் கூடாது என்று எழுதியிருப்பார்களே, அதேதான். புது ஷூவுக்குள்ளும் போடுவார்கள். அதைக் காலடியில் வைத்துக்கொண்டுதான் ஒரு வாரமாக சில்வர் பீச் ரோட்டில் ஓடியிருக்கிறேன். முதல் சில நாள் முழுசாக இருந்திருக்கும். அன்றைக்குத்தான் வெடித்திருக்கிறது.

"வலிக்கலயா உனக்கு?" என்றார்.

"இல்லியே."

"இன்னாடி இல்லியே? சாக்ஸ் பூரா ரத்தம், பாரு."

சாக்ஸைக் கழற்றினேன். இடது பெருவிரலுக்குக் கீழே சதைப்பிடிப்பான இடத்தில் தோல் கிழிந்து குழியாகி, உள்ளே இரண்டு மூன்று உருண்டைகள் பதிந்திருந்தன. நகத்தால் ஒன்றைத் தோண்டி எடுத்தேன். வேறு யாருடைய காலையோ தோண்டுகிற மாதிரி இருந்தது. என் காலை நானே கிள்ளிக் கிள்ளிப் பார்த்துக்கொண்டு அந்தத் தரையிலேயே உட்கார்ந்துவிட்டேன்.

இதைப் படிக்கிறவர்களில் சிலர் ஓட ஆரம்பித்து, எந்த ஷூ வாங்கலாம் என்று தேடுகிறவர்களாக இருக்கலாம். சிலர் எனக்கு வந்ததே தங்களுக்கும் வந்து, அந்த நோயின் பெயரைப் புருஷனிடம்கூடச் சொல்ல முடியாமல் பேந்தப் பேந்த முழித்துக்கொண்டிருக்கலாம். இரண்டு பேருக்கும் சேர்த்துத்தான் எழுதுகிறேன்.

ஓட்டம் என் தம்பி சேவியர் ஏற்றிவிட்ட பைத்தியம். சிதம்பரத்தில் இருக்கிறான். விடியற்காலையில் அண்ணாமலை நகர் பக்கம் ஓடிவிட்டு வந்து, ஊரிலிருக்கிற சோம்பேறிகளுக்கெல்லாம் போனில் உபதேசம் செய்வான். கல்லாவில் உட்கார்ந்து உட்கார்ந்து நான் ஊதிப்போயிருந்தேன். "நீ ஓடுக்கா, ஷூ நான் வாங்கித் தர்றேன்" என்று சொல்லி, ஜனவரியில் ஒரு சாயங்காலம் என்னைச் சிதம்பரம் மேல வீதியில் ஒரு கடைக்கு இழுத்துக்கொண்டு போனான்.

"ஷூவைச் சாயங்காலம்தான் வாங்கணும்க்கா. நாள் பூரா நின்ன காலு அப்பதான் கொஞ்சம் வீங்கி இருக்கும். காலையில போட்டுப் பாத்து வாங்குனா ஓடுறப்ப புடிக்கும். முன்னாடி கட்டை விரல் அகலம் எடம் இருக்கணும். கலரு பாத்து வாங்காத."

"கலரு நல்லால்லன்னா நான் ஓடவே மாட்டேன்டா."

கடைக்காரர் பெட்டி பெட்டியாக இறக்கினார். பெண்களுக்கான ஓட்ட ஷூ ஜாஸ்தி வராது, ஆம்பிளை சைஸிலேயே சின்னதாகப் பாருங்கள் என்றார். ஒவ்வொன்றாகப் போட்டுக் கடைக்குள்ளேயே குதித்துப் பார்த்தேன். முதல் ஜோடி வலது சுண்டுவிரலைக் கடித்தது. அடுத்தது வலது குதிகாலை உரசியது. மூன்றாவதில் வலது பாதத்தின் பக்கவாட்டில் அழுத்தம். சேவியர் ஒவ்வொரு தடவையும், "லெஃப்ட்டு எப்படி இருக்கு?" என்று கேட்டான். ஒவ்வொரு தடவையும் "சூப்பரா இருக்கு" என்றேன்.

"இன்னாக்கா, உன் ரைட்டு காலுதான் சண்டைக்காரியா?"

"ஆமா, அது என்னை மாதிரி. லெஃப்ட்டு உன் பொண்டாட்டி மாதிரி, எதைக் குடுத்தாலும் வாயத் தொறக்காது."

கடைக்காரரும் சிரித்தார். கடைசியில் வலது கால் வாயை மூடிக்கொண்ட ஒரு ஜோடியை வாங்கினோம். நீல நிறம். இரண்டு காலும் கடிக்கவில்லை என்று நான் பெருமையாகக் கட்டிக்கொண்டு வந்தேன். இடது கால் ஏன் எந்த ஷூவையும் குறை சொல்லவில்லை என்று யாருக்கும் தோன்றவில்லை. எப்படித் தோன்றும்?

ரத்தம் பார்த்த அன்றைக்கே சர்க்கரை பரிசோதனைக்கு ஓடினோம். கால் மரத்துப்போனால் முதலில் சர்க்கரையைத்தான் சந்தேகப்பட வேண்டும் என்று கடைக்கு வருகிறவர்களுக்கு நானே சொல்லியிருக்கிறேன். எனக்குச் சர்க்கரை இல்லை. அந்த ரிப்போர்ட்டைப் பார்த்து நான் சந்தோஷப்பட்டேன் என்பதை இப்போது நினைத்தால் சிரிப்பு வருகிறது. பொது மருத்துவர் என் இடது கணுக்காலுக்கு மேலே இருந்த வெளிறிய படையைப் பார்த்துவிட்டு, தோல் டாக்டரிடம் அனுப்பினார்.

தோல் டாக்டர் என் வயதுப் பெண். படையைத் தடவிப் பார்த்தார்.

"இது எவ்வளவு நாளா இருக்கு?"

"தேமல், டாக்டர். களிம்பு போட்டுக்கிட்டுதான் இருக்கேன். நானே கடை வச்சிருக்கேன்."

அவர் என் இடது கணுக்கால் எலும்புக்குப் பின்னால் விரலை வைத்து உருட்டினார். அங்கே ஒரு நரம்பு கயிறு மாதிரி தடித்திருந்தது. இத்தனை வருஷமாகக் கொலுசு போட்டுக் கழற்றுகிற கால், எனக்குத் தெரியவில்லை. "கண்ணை மூடிக்கோங்க. நான் தொடுறப்ப எல்லாம் 'ம்'னு சொல்லுங்க" என்றார்.

வலது காலில் தொட்டார். ம். மறுபடி. ம். ம். கூச்சத்தில் காலை இழுத்துக்கொண்டேன். பிறகு தொடுவதை நிறுத்திவிட்டார். மின்விசிறி சத்தம் கேட்டது. வெளியே நடையில் யாரோ டோக்கன் நம்பரைக் கூப்பிட்டார்கள். டாக்டர் ஏதோ எழுதுகிறார் போல என்று நினைத்துக் காத்திருந்தேன். எனக்குப் பொறுமை எப்போதுமே கம்மி.

"லெஃப்ட்டு காலை ஆரம்பிங்க டாக்டர்" என்றேன்.

கண்ணைத் திறந்து பார்த்தேன். பால்பாயிண்ட் பேனாவின் முனை என் இடது உள்ளங்காலில் அழுந்தி நின்றது. பாதம் முழுக்க நீல மையில் புள்ளி புள்ளியாக இருந்தது.

ஐயோ கடவுளே. அந்தப் புள்ளிகளை நான் இன்னும் மறக்கவில்லை. ரத்தம்கூட என்னை அவ்வளவு உலுக்கவில்லை.

"எப்பலேருந்து இப்படி இருக்குன்னு யோசிச்சுச் சொல்லுங்க. இது முக்கியம்" என்றார். "நரம்பு வீங்கி ஆறு மாசத்துக்குள்ள வந்துட்டா மாத்திரையில கொஞ்சம் உணர்ச்சியைத் திருப்பலாம். ரொம்ப நாளாயிட்டா கஷ்டம்."

யோசித்தேன். யோசிக்க யோசிக்கத் தலை சுற்றியது. எனக்குத் தெரிந்த ஒரே நாள் வேளாங்கண்ணிக்கு நடந்து போன நாள்தான்.

எங்கள் பங்குக் கோயிலிலிருந்து ஒவ்வொரு ஆகஸ்ட் கடைசியிலும் காவிச் சேலை கட்டிக்கொண்டு வெறுங்காலோடு வேளாங்கண்ணிக்கு நடப்போம். முதல் ராத்தங்கல் சிதம்பரத்தில். போன ஆகஸ்டில் அங்கே போய்ச் சேர்ந்தபோது எல்லாருடைய காலும் கொப்புளித்திருந்தது. தார் ரோட்டுச் சூட்டில் வெந்துபோய், ஆளாளுக்கு எண்ணெய் தடவிக்கொண்டு அழுதுகொண்டிருந்தார்கள். என் வலது காலும் எரிந்தது. இடது காலில் கொப்புளம் உடைந்து தோல் தொங்கியது, ஆனால் வலி துளியும் இல்லை. நான் அதை எல்லாரிடமும் காட்டினேன். "மாதா கிருபைடி உனக்கு" என்றார்கள். ஒருவர் குனிந்து என் இடது பாதத்தைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். நான் தடுக்கவில்லை. உடம்பெல்லாம் புல்லரித்துப்போய் நின்றேன்.

வேளாங்கண்ணியில், குணமான உறுப்பின் உருவத்தை வெள்ளித் தகட்டில் வாங்கிக் காணிக்கையாகப் போடுவது வழக்கம். கண் சரியானவர்கள் கண் போடுவார்கள், கை சரியானவர்கள் கை. நான் ஒரு வெள்ளிக் கால் வாங்கிப் போட்டேன். இடது காலாகப் பார்த்து, தேடி வாங்கிப் போட்டேன்.

அப்போதே அந்தக் கால் செத்துக்கொண்டிருந்திருக்கிறது. அதற்குத்தான் நான் நன்றி சொல்லிவிட்டு வந்திருக்கிறேன்.

இதைச் சொன்னதும் டாக்டர் விரல் விட்டு மாதங்களை எண்ணினார். பிறகு, "அப்ப அஞ்சு மாசம். அதுக்கு முன்னாடி எவ்வளவு நாளுன்னு தெரியாது. சரி, முயற்சி பண்ணுவோம்" என்றார். தோலைக் கீறி எடுத்துச் சோதனைக்கு அனுப்பினார். முடிவு வந்த அன்றைக்கு நேராகவே சொன்னார்.

"இது தொழுநோய். பயப்படாதீங்க, முழுசா குணமாகுற நோய்."

தொழுநோய் (தோலையும், கை கால்களில் ஓடும் நரம்புகளையும் தாக்கும் மெதுவான கிருமித் தொற்று). அடைப்புக்குறிக்குள் எழுதிவிட்டால் எவ்வளவு சின்னதாக இருக்கிறது, பாருங்கள். அந்த அறையில் அது அப்படி இல்லை. காது இரண்டும் அடைத்துக்கொண்டது.

"இந்தக் காலத்துலயா? எனக்கா? நான் மருந்துக்கடைக்காரி டாக்டர்!"

"கிருமிக்கு அது தெரியாதே."

யாரிடமிருந்து வந்தது என்று கேட்டேன். மருந்து சாப்பிடாத ஒருவரோடு நீண்ட நாள் நெருங்கியிருந்தால் மூச்சுக்காற்று வழியாக வரலாம், வந்து வெளியே தெரியப் பல வருஷம்கூட ஆகலாம், பெரும்பாலான உடம்புகள் இந்தக் கிருமியைத் தாமே விரட்டிவிடும், உங்கள் உடம்பு விரட்டவில்லை, அவ்வளவுதான் என்றார். மருந்து ஆரம்பித்த கொஞ்ச நாளிலேயே மற்றவர்களுக்குப் பரவாது என்றும் சொன்னார். கடைசியாக நான் கேட்டது எனக்கே அசட்டுத்தனமாகப் பட்டது.

"நான் ஓடலாமா?"

"மொதல்ல புண்ணு ஆறட்டும். உணர்ச்சி இல்லாத கால்ல புண்ணு உள்ளுக்குள்ள போயிட்டா விரலை எடுக்க வேண்டி வரும். சிலருக்குக் காலையே. கால் இருந்தாத்தானே ஓடுறதைப் பத்திப் பேசலாம்?"

வெளியே வந்தேன். பிரான்சிஸ் நடையில் நின்றுகொண்டிருந்தார். சொன்னேன். அவர் முகம் வெளுத்துப்போனது. வீட்டுக்கு வந்ததும் என் தட்டையும் டம்ளரையும் எடுத்துத் தனியாக வைத்தேன். யாரும் சொல்லித்தரவில்லை, கை தானாகச் செய்தது. அவர் அந்த டம்ளரிலேயே தண்ணீர் மொண்டு குடித்தார்.

"கல்யாணத்தன்னிக்குக் கோயில்ல வாக்கு குடுத்தப்ப நோயிலும்னு சொன்னேன்ல? எந்த நோயின்னு ஃபாதரும் கேக்கல, நானும் கேக்கல. போயி சோறு போடு."

அப்போதுதான் எனக்கு அழுகை வந்தது. வீட்டில் இருக்கிறவர்களுக்குத் தடுப்பாக ஒரே ஒரு வேளை மாத்திரை உண்டு. அதை அவர் மிட்டாய் மாதிரி வாயில் போட்டுக்கொண்டார்.

சேவியர் விஷயம் கேட்டு ஓடி வந்து, என் காலைப் பிடித்துக்கொண்டு தேம்பினான். "நான்தானேக்கா அந்த ஷூவை வாங்கிக் குடுத்தேன். உள்ள கைய விட்டுப் பாத்திருந்தா..."

"லூசு, அந்த ஷூ இல்லன்னா எனக்கு இன்னிவரைக்கும் தெரிஞ்சிருக்காதுடா" என்றேன்.

மருந்து அரசாங்க ஆஸ்பத்திரியில் இலவசம். எனக்கு ஓராண்டுக்கு என்றார்கள். மூன்று மருந்துகள் கூட்டாக, அதோடு முதல் சில மாதங்களுக்கு ஸ்டீராய்டு (நரம்பு வீக்கத்தைக் குறைக்கும் மருந்து). முதல் நாள் சிறுநீர் சிவப்பாகப் போனதைப் பார்த்துக் கத்தியேவிட்டேன். அது மருந்தின் நிறம். படிக்கிற நீங்கள் கத்த வேண்டாம். போகப்போகத் தோல் கறுக்கும். மருந்தை நிறுத்தினால் மெல்ல மெல்லத் தெளியும். கடைக்கு வருகிறவர்கள், "இன்னா மேடம், வெயில்ல ஓடி ஓடிக் கறுத்துட்டீங்க?" என்று கேட்பார்கள். ஓடவே முடியாமல் வீட்டில் கிடந்த காலம் அது. "ஆமாங்க, விடாம ஓடுறேன்" என்று சொல்லி அனுப்பிவிடுவேன்.

ஒரு ஞாயிறு பூசையில், நற்செய்தியில் தொழுநோயாளி குணமாகிற பகுதியை வாசித்தார்கள். சின்ன வயதிலிருந்து எத்தனையோ தடவை கேட்டிருக்கிறேன். அன்றைக்கு அந்தச் சொல் வந்தபோது, கோயிலில் எல்லாரும் திரும்பி என்னைப் பார்ப்பது போல உடம்பு கூசியது. ஒருவரும் பார்க்கவில்லை. வீட்டுக்கு வந்து மாதா படத்துக்கு முன்னால் நின்று நன்றாகச் சண்டை போட்டேன். வலிக்கவில்லை என்று வெள்ளிக் கால் வாங்கிப் போட்டேனே, அப்போதாவது ஒரு குத்து குத்தியிருக்கக் கூடாதா என்று கேட்டேன்.

புண் ஆற நெடுநாள் பிடித்தது. ஆறிய பிறகு டாக்டர் நடக்கச் சொன்னார், நல்ல ஷூவோடு. ஓட்டத்துக்கு, "பாக்கலாம்" என்றார். மறுபடியும் அதே மேல வீதி, அதே கடை, அதே தம்பி. இந்தத் தடவை கடிக்கிறதா என்று அவன் கேட்கவில்லை.

உணர்ச்சி இல்லாத காலுக்கு ஷூ வாங்குவது எப்படி என்று அன்றைக்குக் கற்றுக்கொண்டதைச் சொல்கிறேன். உணர்ச்சி இருக்கிறவர்களும் இப்படிச் செய்தால் தப்பில்லை. உள்ளே இருக்கும் மெத்தைத் தாளை வெளியே எடுத்துத் தரையில் போட்டு அதன்மேல் நில்லுங்கள். விரலோ பாதத்தின் ஓரமோ அந்தத் தாளுக்கு வெளியே வழிந்தால் அந்த ஷூ வேண்டாம். என் பழைய நீல ஷூவின் தாளில் நின்று பார்த்தேன், இடது சுண்டுவிரல் முழுசாக வெளியே கிடந்தது. பாவம், அந்த விரல் அத்தனை நாளும் நசுங்கியிருக்கிறது. பிறகு உள்ளே கையை விட்டு நுனிவரை தடவிப் பாருங்கள். தையல் முடிச்சு, பசைக் கட்டி, பொட்டலம் எதுவும் இருக்கக் கூடாது. கொஞ்ச நேரம் போட்டு நடந்துவிட்டுக் கழற்றி, பாதத்தில் எங்காவது சிவந்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும். காலிடம் கேட்கக் கூடாது. காலைப் பார்க்க வேண்டும்.

சேவியர் தரையில் உட்கார்ந்து, என் உள்ளங்காலைத் தன் மடியில் வைத்து, போன் வெளிச்சத்தில் பார்த்துச் சொன்னான். கடைக்கு வந்தவர்கள் எங்களை வேடிக்கை பார்த்தார்கள். பார்க்கட்டும் என்று இருந்துவிட்டேன்.

ஜூனில் டாக்டர் மறுபடி கண்ணை மூடச் சொன்னார். வலது காலுக்கு ம், ம். அப்புறம் அதே மின்விசிறி, அதே டோக்கன் சத்தம். இந்த முறை ஆரம்பியுங்கள் என்று சொல்ல எனக்குத் தைரியம் இல்லை. உதட்டைக் கடித்துக்கொண்டிருந்தேன். திடீரென்று பெருவிரல் நுனியில், ரொம்பத் தூரத்தில், யாரோ தொட்டார்கள்.

"ம்" என்றேன்.

"இன்னொரு தடவை சொல்லுங்க."

"ம்! ம்!" என்று கத்தினேன். டாக்டர் சிரித்துவிட்டார். விரல் நுனிகளில் கொஞ்சம் வந்திருந்தது. மற்ற இடத்தில் பெரும்பாலும் புள்ளிகள்தான். குதிகாலுக்கு இனி உணர்ச்சி வராது என்கிறார்.

அதனால் இப்போது நான் நேரம் பார்த்து நடக்கிறேன். அரை மணிக்கு ஒரு தடவை நின்று, பீச் ரோட்டுச் சுவரில் உட்கார்ந்து, ஷூவைக் கழற்றி உதறி, சின்னக் கண்ணாடியில் பாதத்தைப் பார்த்துவிட்டு மறுபடி கட்டுகிறேன். முன்பெல்லாம் நிற்க வேண்டிய நேரத்தை வலி சொல்லிவிடும். எனக்கு இப்போது அதைக் கடிகாரம் சொல்ல வேண்டியிருக்கிறது. வலது கால் வலித்தால் திட்டுவதில்லை. நீ பேசு தாயே என்று விட்டுவிடுகிறேன். நடுவில் சில அடிகள் மெதுவாக ஓடியும் பார்க்கிறேன். டாக்டரிடம் சொல்லவில்லை, சேவியருக்கு மட்டும் தெரியும்.

இந்த ஆகஸ்டில் நான் நடக்கவில்லை. மருந்துப் பெட்டியோடு பஸ்ஸில் சிதம்பரம் போய், நடந்து வருகிறவர்கள் தங்கும் இடத்தில் ஷூ போட்ட காலோடு உட்கார்ந்தேன். கொப்புளங்களைக் கழுவி மருந்து வைத்துக் கட்டுவது என் வேலை. ஒரே ஓலம். "ஐயோ, மெதுவா", "யம்மா எரியுதே", "கட்டாதக்கா, சும்மா உடுக்கா". அந்தச் சத்தம் எனக்கு எவ்வளவு பிடித்திருந்தது என்று சொன்னால் அடிக்க வருவார்கள்.

பண்ருட்டிப் பக்கத்திலிருந்து வந்திருந்த ஓர் அம்மா என் முன்னால் வந்து உட்கார்ந்து காலை நீட்டினார். ஐம்பது வயதிருக்கும். முந்திரிக்கொட்டை உடைக்கிற வேலையாம். இரண்டு பாதமும் வெந்திருந்தன. வலது காலில் தண்ணீர் பட்டதும் துடித்துப்போனார். இடது காலில் தோல் கிழிந்து சதை தெரிந்தது. அதில் மருந்தை ஊற்றினேன், அசையவில்லை.

"இது மட்டும் வலிக்கவே இல்லம்மா" என்றார். முகமெல்லாம் சிரிப்பு. "எல்லாம் மாதா கிருபை. போயி ஒரு வெள்ளிக் காலு போடணும்."

சுற்றியிருந்தவர்கள் நெற்றியில் சிலுவை போட்டுக்கொண்டார்கள். கையிலிருந்த பஞ்சைக் கீழே வைத்தேன். சர்க்கரையாக இருக்கலாம். எனக்கு வந்ததாகவும் இருக்கலாம். பார்த்துச் சொல்ல நான் டாக்டர் இல்லை. பையிலிருந்து பேனாவை எடுத்தேன்.

"அக்கா, கொஞ்சம் கண்ண மூடிக்குங்க. நான் தொடுறப்ப எல்லாம் 'ம்'னு சொல்லுங்க."

ஜெபம் செய்யப்போகிறேன் என்று நினைத்தாரோ என்னவோ, கையைக் கூப்பிக் கண்ணை மூடிக்கொண்டார். வலது காலில் தொட்டேன். ம் என்றார். மறுபடி தொட்டேன். ம். பிறகு பேனாவை இடது காலுக்குக் கொண்டுபோனேன்.

கொஞ்ச நேரம் அப்படியே இருந்தார். அவர் முகத்தில் இன்னும் அந்தச் சிரிப்பு இருந்தது.

"சீக்கிரம் ஆரம்பிம்மா, மத்தவங்கள்லாம் காத்துக்கினு இருக்காங்க இல்ல?" என்றார்.

அவர் பாதத்தில் அதற்குள் ஏழெட்டு நீலப் புள்ளிகள் இருந்தன.